விண்கல் கதைகளும் நாம் அணைக்க வேண்டிய விளக்குகளும்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் இயற்பியல் பேராசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் எழுத்தாளர் அம்மையார் அவர்களே, நூலகத்தின் பொறுப்பாளர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அறிவியல் புனைகதைக்கென்று ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவோம், அதையும் ஜூன் 30 அன்றே வைப்போம் என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். பேராசிரியர் அவர்களுக்கும் நான் கடன்பட்டவன். என் கட்டுரைகளில் வரும் எண்களைப் பொறுமையாகச் சரிபார்த்துத் தருபவர். அம்மையார் படித்துக் காட்டிய சிறுகதைக்கு இந்த அரங்கம் கைதட்டி ஓயவில்லை. அதற்குப் பிறகு பேச வருவது கஷ்டமான காரியம்தான்.

ஜூன் 30 ஏன்? 1908-ல் இதே நாளில், சைபீரியாவின் துங்குஸ்கா ஆற்றுப் பக்கம் ஒரு விண்கல் வானிலேயே வெடித்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு சாய்ந்தது. அதன் நினைவாகத்தான் ஐக்கிய நாடுகள் சபை 2016-ல் இந்த நாளைச் சர்வதேசச் சிறுகோள் தினமாக அறிவித்தது. சூரியனைச் சுற்றிவரும் பாறைகளைத்தான் சிறுகோள் என்கிறோம்.

நான் மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். விண்கல்லைத் தடுக்கும் கதைகள் உலகத்துக்கு என்ன கொடுத்தன? அவை எங்கே தவறு செய்கின்றன? தமிழில் இப்படிப்பட்ட கதையை எப்படி எழுதுவது? 

முதல் விஷயம். ஆர்தர் சி. கிளார்க் 1973-ல் எழுதிய நாவலில் ஒரு விண்கல் விழுந்து ஐரோப்பாவில் பேரழிவு நடக்கிறது. அப்புறம்தான் மனிதர்கள் விழித்துக்கொண்டு, வானத்தைக் கண்காணிக்க ஓர் அமைப்பை உண்டாக்குகிறார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்பேஸ்கார்ட், அதாவது விண்வெளிக் காவல். 1992-ல் நாசா சிறுகோள்களைத் தேடும் திட்டத்துக்கு அறிக்கை தயாரித்தபோது, அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. ஒரு கதாசிரியரின் கற்பனை அரசாங்கக் கோப்பில் ஏறியது! "வெள்ளம் வருமுன் அணை போடு" என்பார்கள். கதையில் வெள்ளம் வந்த பிறகு போட்ட அணையை, கதையைப் படித்தவர்கள் வருமுன்னே போடத் தொடங்கினார்கள். புனைகதையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயம், தவறுகள். பெரும்பாலான கதைகளில் கடைசி நேரத்தில் ஒரு வீரன் குண்டோடு புறப்படுகிறான். பக்கத்தில் வந்துவிட்ட பெரிய கல்லை உடைத்தால், துண்டுகள் அதே பாதையில்தான் வரும். உண்மையில் உடைக்கவே வேண்டாம், கொஞ்சம் தாமதப்படுத்தினால் போதும். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தன் விட்டத்தின் அளவு தூரத்தைக் கடக்க அதற்கு ஏழு நிமிடம் ஆகும். கல்லை ஏழு நிமிடம் தாமதமாக வர வைத்தால் பூமி அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். பத்து வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டால், நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வேகத்தை மாற்றினாலே கல் 6,000 கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். எறும்பின் வேகம்தான் அது.

செய்ய முடியுமா என்று கேட்டால், செய்து காட்டிவிட்டார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபோஸ் என்ற சிறுகோள் மீது மோதியது. டிடிமோஸ் என்ற பெரிய கல்லை அது 11 மணி 55 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்று நேரம் 73 நொடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியதோ 32 நிமிடம்! ஆனால் எந்தக் கல் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், வெள்ளம் வருமுன் அணை போடு.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நடந்த கதை. 1967-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பால் சாண்டார்ஃப் என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். இக்காரஸ் என்றொரு சிறுகோள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம். 1968 ஜூனில் அது பூமிக்கு அருகே வரப்போகிறது. அது விலகிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் சொன்னார்: "இல்லை, மோதப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுங்கள்." நினைத்துப் பாருங்கள், பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளின் வயதுதான் அவர்களுக்கும். நிலவுக்குப் போவதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த சாட்டர்ன் ஐந்து ராக்கெட் அப்போது ஒரு முறைகூடப் பறந்ததில்லை. அதில் ஆறு வேண்டும், ஒவ்வொன்றிலும் 100 மெகாடன் அணுகுண்டு வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். அந்த அறிக்கை புத்தகமாகவே வந்தது. இக்காரஸ் 60 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நல்லபடியாகக் கடந்து போனது.

சரி, அந்த மாணவர்களுக்கு இக்காரஸ் என்று ஒன்று இருப்பதே எப்படித் தெரிந்தது? 1949-ல் வால்டர் பாடே என்ற வானியலாளர் கலிஃபோர்னியாவின் பலோமர் மலை ஆய்வகத்திலிருந்து எடுத்த படத்தில் அது சிக்கியது. இந்தப் பாடே யார்? ஜெர்மனியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் எதிரி நாட்டவர் என்று முத்திரை குத்தப்பட்டு, போர் ஆராய்ச்சியில் சேர்க்கப்படாதவர். மற்ற விஞ்ஞானிகள் போர் வேலைக்குப் போக, மவுண்ட் வில்சன் மலை ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியோடு அவர் இருந்தார். கீழே லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், போர்ப் பயத்தில் விளக்குகளை அணைத்திருந்தது. அந்த இருட்டில்தான் பாடே ஆண்ட்ரோமெடா என்ற பக்கத்து நட்சத்திரக் கூட்டத்தின் (கேலக்ஸியின்) நடுப்பகுதியில் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். அதுவரை அங்கே மங்கலான ஒளிதான் தெரிந்தது. நட்சத்திரங்களில் இரண்டு வகை உண்டு என்ற பெரிய உண்மை அதிலிருந்து பிறந்தது. ஊர் விளக்கு அணைந்தால் வானத்தில் எவ்வளவு தெரிகிறது பாருங்கள்!

நான் ஊர் ஊராகப் பேசிவருவது இதைத்தான். இரவு வானத்தை நாம் வெளிச்சத்தால் மூடிக்கொண்டிருக்கிறோம். உலகம் முழுவதும் ஆர்வலர்கள் வெறும் கண்ணால் நட்சத்திரங்களைப் பார்த்து அனுப்பிய பதிவுகளை ஆராய்ந்து 2023-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. எட்டு வருடத்துக்குள் இரட்டிப்பு! 2024 டிசம்பரில், 2032-ல் மோதக்கூடுமோ என்று உலகத்தைப் பதறவைத்த ஒய்.ஆர்.4 என்ற சிறுகோளைச் சிலியில் இருக்கும் ஒரு தொலைநோக்கி கண்டுபிடித்தது. மோதும் வாய்ப்பு ஒரு கட்டத்தில் 3 சதவீதம் வரை ஏறியது. தொடர்ந்து பார்த்து அளந்ததால்தான் பூமிக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தது. அதற்கு இருண்ட வானம் வேண்டும். தெருவிளக்கு தரையைப் பார்க்கட்டும், வானத்தைப் பார்க்க வேண்டாம். நள்ளிரவுக்குப் பிறகு விளம்பரப் பலகைக்கு எதற்கு வெளிச்சம்? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமானால், வெள்ளம் வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். எழுதப்போகும் பிள்ளைகளே, உங்கள் கதாநாயகி குண்டு போட வேண்டாம். இரவெல்லாம் விழித்திருந்து படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, நகர்ந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடிப்பவளாக இருக்கட்டும்.

2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. 300 மீட்டருக்கு மேல் அகலமுள்ள அப்போஃபிஸ் என்ற சிறுகோள், பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். நம் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பலவற்றைவிடக் கிட்டத்தில்! மோதாது, பயம் வேண்டாம். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் வெறும் கண்ணுக்கே தெரியும், வானம் இருட்டாக இருந்தால். அந்த ஓர் இரவாவது அவசியமில்லாத விளக்குகளை அணைக்கச் சொல்லி நகர நிர்வாகங்களுக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு படிவம் எடுத்துக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.