கஞ்சன் வாசலில் நின்ற கடவுள்

நேயர்களுக்கு வணக்கம்.

வடமொழியில் ஒரு பழைய சுபாஷிதம் உண்டு. கஞ்சனைப் போன்ற வள்ளல் இதுவரை பிறந்ததில்லை, இனிப் பிறக்கப் போவதுமில்லை என்று ஆரம்பிக்கும். ஏன் என்றால், தன் பணத்தைத் தொடக்கூடச் செய்யாமல் அப்படியே பிறருக்கு விட்டுவிட்டுப் போகிறானே! கேட்டதும் சிரிப்பு வரும். அப்புறம் அந்த மனிதனை நினைத்தால் பாவமாக இருக்கும்.

அந்தப் பரிவு சொல்லிலேயே இருக்கிறது. கஞ்சனுக்கு வடமொழியில் 'கிருபணன்' என்று பெயர். இரங்கத்தக்கவன் என்பதும் அதன் பொருள். நாம் 'கிருபை' என்கிறோமே, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான். பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் கார்கியிடம், அழியாத பொருளை அறியாமலே உலகை விட்டுப் போகிறவன் கிருபணன் என்கிறார். அங்கே பணப்பெட்டியைப் பற்றிய பேச்சே இல்லை.

புரந்தரதாசரை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநகர காலத்துக் கன்னடப் பக்திப் பாடகர். தாசராகும் முன் சீனிவாச நாயக்கர் என்ற பெயரில் வட்டிக்கும் ரத்தினத்துக்கும் கடை வைத்திருந்தார். மகனின் பூணூலுக்கு உதவி கேட்டு வந்த ஏழை அந்தணரை, இன்று போய் நாளை வா என்று மாதக்கணக்கில் அலைய விட்டார் என்று கதை சொல்வார்கள். அந்தணர் வீட்டுக்குப் போய்க் கேட்க, மனைவி சரஸ்வதிபாய் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தணர் அதை விற்கக் கணவனின் கடைக்கே கொண்டு வந்தார். நாயக்கர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி, மூக்குத்தி எங்கே என்றார். பதில் சொல்ல முடியாமல் அவள் விஷம் குடிக்கப் போனாள். கிண்ணத்தில் மூக்குத்தி விழுந்தது. கடையில் பெட்டி காலி. அந்தணரையும் காணோம். அந்தணராக வந்தது கடவுள் விட்டலனே என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

இதில் என்னை உருக்குவது மூக்குத்தி அற்புதம் இல்லை. கேட்டதும் கொடுக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கடவுள் அங்கே போகவில்லை. கொடுக்காதவன் வாசலில் திரும்பத் திரும்ப வந்து நின்றார். கிருபணனுக்குக் கிருபை அப்படித்தான் வந்தது.

நாயக்கர் சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு, துறவி வியாசராயரிடம் தீட்சை பெற்று, வீடு வீடாகப் பிச்சை எடுத்துப் பாடினார். பாட்டு வகுப்பில் குழந்தைகள் மாயாமாளவகௌளை ராகத்தில் முதன்முதலாகப் பாடும் சரளி வரிசை அவர் வகுத்தது என்பார்கள். ஒரு காசு கொடுக்க மனமில்லாத கையிலிருந்து வந்தது அது!

பிற்பாடு ஒரு கன்னடப் பாட்டில் அவரே சொல்கிறார்: தம்பூராவைத் தொட வெட்கித் தலைகுனிந்து கிடந்தேன், அதை என் கையில் பிடிக்க வைத்தவள் மனைவி, அவள் குலம் ஆயிரமாகப் பெருகட்டும்.