மிளகாய்ப் பொடி ஏன் வெளுக்கிறது?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களுக்கும், கடல் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் வணக்கம்.

‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல்லை டீத்தூள் பாக்கெட்டிலும் மாத்திரை டப்பாவிலும் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்று பாடப்புத்தகம் சொல்கிறது, அதாவது ஆக்ஸிஜன் பட்டுப் பொருள் கெடுவதைத் தடுப்பது. இந்த வேலை நம் அடுக்களையில் கண்ணெதிரே நடக்கிறது, அங்கிருந்தே தொடங்குவோம்.

2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இராமநாதபுரம் முண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். திரித்த பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் சில மாதங்களில் வெளுத்துவிடும். அதே மிளகாயைக் காம்பு கிள்ளாமல் இருட்டில் வைத்தால் சிவப்பு நெடுநாள் நிற்கும். அந்தச் சிவப்பு கரோட்டினாய்டு என்னும் நிறமி. அது தடுப்பான் வகையைச் சேர்ந்தது. வெளிச்சமும் காற்றும் படப்பட ஆக்ஸிஜனோடு சேர்ந்து தானே அழிகிறது. பொடியாக்கினால் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு ஆகிறது, அதனால் சீக்கிரம் வெளுக்கிறது. ஆகவே மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் திரியுங்கள். அதையும் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள்.

இப்போது கருவாட்டுக்கு வருவோம். மத்திக் கருவாடு சில வாரங்களில் வயிற்றுப் பக்கம் மஞ்சளித்து, துரு பிடித்ததுபோல் ஆகிறது. நாக்கில் காறுகிறது, சிக்கு வாடை வருகிறது. கொழுப்புக் குறைந்த மீன்களின் கருவாடு இவ்வளவு சீக்கிரம் அப்படி ஆவதில்லை. மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருப்பதுதான் காரணம். இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் அதே கொழுப்புதான் மற்றவற்றைவிட எளிதில் ஆக்ஸிஜனுக்கு இரையாகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கிறது, அது அடுத்ததை. ஓலைக் குடிசை வரிசையில் ஒன்றில் தீப்பிடித்த கதைதான். மீனின் கறுஞ்சதையில் உள்ள இரும்பும், சுத்தமில்லாத உப்பில் ஒட்டியிருக்கும் இரும்பு, செம்பு அணுக்களும் அந்தத் தீயை விசிறிவிடுகின்றன. உப்புப் போட்டால் கிருமி அடங்கும், காறல் அடங்காது. கொழுத்த மீன் கருவாட்டை முதலில் விற்றோ சமைத்தோ தீர்த்துவிடுங்கள். வைக்க வேண்டியிருந்தால் காற்றுப் புகாமல் கட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பால் ஆன உறை உண்டு. நாம் இழுக்கும் மூச்சிலிருந்தே, செல் ஆற்றல் உண்டாக்கும்போது, ஃப்ரீ ரேடிக்கல் என்னும் வெறிகொண்ட துகள்கள் சிறிதளவு பிறக்கின்றன. பீடிப் புகை அவற்றைக் கூட்டுகிறது. அவை உறையில் கை வைத்தால் கருவாட்டில் பார்த்த அதே சங்கிலி இங்கும் ஓடும். உறைக்குள் இருக்கும் வைட்டமின் ஈ ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. கொடுத்தபின் அது செயலற்றுப் போகும். வைட்டமின் சி வந்து அதை மறுபடி எழுப்பும். ஒன்றை மட்டும் மாத்திரையாகக் குவித்தால் ஏன் போதாது என்பது இந்த இடத்திலேயே விளங்கும்.

இவை தவிர உடம்பே செய்துகொள்ளும் நொதிகள் உண்டு. அவற்றுக்குத் துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம் வேண்டும். மீன் தின்னும் நமக்குச் செலினியம் கிடைத்துவிடுகிறது. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: ஃப்ரீ ரேடிக்கல் எல்லாமே பகையல்ல. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே அதை ஏவித்தான்.

நம் கரையில் மீனுக்குக் குறைவில்லை. குறைவது கீரையும் பழமும். உப்புத் தண்ணீரும் மழைக் குறைவும் தோட்டத்தை ஒடுக்குகின்றன, உண்மை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. நம் தட்டில் பல நாள் குழம்பில் கிடக்கும் துண்டுகளைத் தவிர காயே இருப்பதில்லை.

அதற்கு முதல் பதில் முருங்கை. வறட்சியைத் தாங்கி நிற்கும் மரம். 100 கிராம் இலையில் வைட்டமின் சி 100 மில்லிகிராமை ஒட்டி உண்டு, மிளகாயில் பார்த்த கரோட்டினாய்டு இனத்தைச் சேர்ந்த பீட்டா கரோட்டினும் ஏராளம். ஆனால் சமைக்கும் முறையில்தான் பெரும்பகுதியைத் தொலைக்கிறோம். ஆய்ந்தபின் தண்ணீரில் ஊறவிடுவது, நீண்ட நேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவது, செம்பு பித்தளைப் பாத்திரத்தில் வதக்குவது, இந்த மூன்றிலும் வைட்டமின் சி போகிறது. கொப்போடு அலசுங்கள், பிறகு உருவுங்கள். தண்ணீர் தெளித்த அளவில், மூடி போட்டு, ஐந்தாறு நிமிடம் போதும். கரோட்டின் வேகவைத்தால் அவ்வளவாகக் கெடாது. ஆனால் அது கொழுப்பில் கரைந்தால்தான் உடம்பில் சேரும். ஆகவே ஒரு தேக்கரண்டி எண்ணெயோ, ஒரு பிடி தேங்காய்த் துருவலோ கட்டாயம் சேருங்கள். இலையைக் காயவைத்துப் பொடி செய்பவர்கள் வெயிலில் போடாதீர்கள். நிழலில், மெல்லிய பரப்பாக விரித்தால் பச்சை நிற்கும். பச்சை போனால் கரோட்டினும் குறைந்திருக்கும்.

அடுத்தது கொய்யா. நூறு கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் வைட்டமின் சி. ஒரு நாள் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம்தான். நடுத்தரக் காய் ஒன்று போதும். இதற்கு மேல் ஆப்பிளைத் தேடி மதுரைக் கடையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சின்ன வெங்காயம் உரிக்கும்போது வெளிச்செதிலோடு இரண்டு அடுக்குச் சதையையும் சேர்த்து எறியாதீர்கள், குவர்சிட்டின் என்னும் தடுப்பான் வெளி அடுக்குகளில்தான் அதிகம். சித்திரைக்கார் போன்ற சிவப்பரிசியின் நிறமும் இதே குடும்பம். அது தவிட்டில் இருப்பதால், வெள்ளையாகத் தீட்டினால் வாங்கிய பயன் போய்விடும்.

நோன்புக் காலத்தில் கீழக்கரையில் காய்ச்சும் கடல்பாசியைப் பற்றியும் கேட்பார்கள். கடலில் வளரும் பாசியில் நிறமிகள் உண்டு. கடையில் விற்கும் வெள்ளை இழையில் அவற்றை வெளுத்து நீக்கியிருக்கிறார்கள். அது நல்ல நார்ச்சத்து, அவ்வளவுதான். கருப்பட்டியும் அப்படியே: சீனியைவிடச் சற்று மேல், ஆனாலும் பெரும்பகுதி சர்க்கரை. சர்க்கரை நோயாளிகள் அதை மருந்தாக நினைக்கக் கூடாது.

தேநீரில் பாலிபீனால் என்னும் தடுப்பான் உண்டு, சரி. அதே பாலிபீனால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் விடுங்கள். சோற்றோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

மீன் பொரித்த எண்ணெய்க்குத் தனிக் கவனம் வேண்டும். மாவும் மீன் துணுக்கும் கிடக்கும் எண்ணெய், தண்ணீரும் சூடும் பட்டு, அதிலிருந்த வைட்டமின் ஈயை முதல் தடவையிலிருந்தே இழக்கத் தொடங்குகிறது. நுரை தங்கினால், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால், பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள். பழையதில் புதியதை ஊற்றி நிரப்புவதுதான் பெரிய தவறு: பழையதில் ஓடும் சங்கிலி புதியதையும் பற்றும். கடைக்காரர்களுக்குச் சட்டமே இருக்கிறது. மொத்த துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் கெடும்போது அதில் சேரும் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

கடைசியாக மாத்திரை. பின்லாந்தில் சிகரெட் புகைக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 விழுக்காடு கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் 28 விழுக்காடு கூடியதால் 1996இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். கீரையில் இருக்கும் அதே கரோட்டின்தான். ஆனால் உணவில் வரும் அளவும், கூட வரும் துணைகளும் வேறு. வயதானவர்களின் விழித்திரை நோய் ஒன்றுக்கு மட்டும் மருத்துவர் சில கூட்டு மாத்திரைகள் தருவதுண்டு, அது அவர் கணக்குப் பார்த்துத் தருவது.

ஆகவே பீடி குடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே வேண்டாம். வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஆண்கள் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதிக அளவு வைட்டமின் ஈ எடுத்தால் இரத்தக்கசிவு ஆகலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் சத்து மாத்திரை டப்பாக்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.