விண்டோஸ் 10-லேயே இருக்கலாமா, 11-க்கு மாறலாமா?

[திரையில்: விண்டோஸ் 10 கணினி, முழுத்திரையை அடைத்து நிற்கும் அறிவிப்பு]

வணக்கம். போன மாதம் மாமா போன் செய்தார். "மாப்ளே, கம்ப்யூட்டரத் தொறந்தாலே முழு ஸ்கிரீன்ல ஏதோ எச்சரிக்கை வருது. இது இன்னும் எத்தன நாள் ஓடும்? புதுசு வாங்கணுமா?" என்று கேட்டார்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2015-இல் வாங்கிய கணினி. பென்ஷன், வங்கி, வருமான வரி, ஊர்க் கோயில் திருவிழாக் கணக்கு, பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வீடுகள் நிறைய. அதனால் மாமாவின் கணினியையே முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். விண்டோஸ் 10 நின்றுபோகாது. சுவிட்சைப் போட்டால் வழக்கம்போல ஓடும். கோப்புகளும் அழியாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது முக்கியமாக ஒன்றுதான்: மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று இணையத்தில் ஏதாவது பெட்டி குதித்தாலோ, யாராவது போனில் கூப்பிட்டாலோ அது மோசடி. மைக்ரோசாஃப்ட் யார் வீட்டுக்கும் தானாகப் போன் செய்து இதைச் சொல்வதில்லை.

சரி, அந்தத் திருத்தம் வராவிட்டால் என்ன ஆகும்?

[திரையில்: 2017 மே 12]

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியது நினைவிருக்கும். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்தை ஏற்றாத விண்டோஸ் 7 கணினிகள்.

அன்றைக்குத் திருத்தம் கையில் இருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். இப்போது விண்டோஸ் 10-க்கு, எதுவும் செய்யாமல் விட்டால், திருத்தமே வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. பத்தும் பதினொன்றும் உள்ளே பெருமளவு ஒரே நிரல். பதினொன்றுக்கு ஒரு ஓட்டையை அடைத்ததும், என்ன மாற்றினார்கள் என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு, பத்தில் அதே ஓட்டை எங்கே திறந்து கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மாதம் ஏற ஏற ஆபத்தும் ஏறுவது இதனால்தான்.

"ஆன்டிவைரஸ் இருக்கே?" என்றார் மாமா. இருக்கிறது. விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை வைரஸ் பட்டியல் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. தெரிந்த திருடனைப் பார்த்தால் பிடிப்பார். பின்சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது அவர் வேலை இல்லை.

இப்போது உங்கள் கணினிக்கு வருவோம். அதில் என்ன வேலை நடக்கிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுக்கச் சொல்வேன். வங்கி, வரி, ஆதார், அலுவலக மின்னஞ்சல் என்று பணமும் அடையாளமும் போய்வரும் கணினி என்றால், திருத்தம் இல்லாமல் ஒரு மாதம்கூட இணையத்தில் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இணையமே இல்லாமல் பாட்டு கேட்கவும் பழைய படங்கள் பார்க்கவும் மூலையில் இருக்கும் கணினி என்றால் அப்படியே இருக்கட்டும். கேபிளையும் வைஃபையையும் எடுத்துவிடுங்கள், போதும்.

[திரையில்: செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பக்கம்]

அடுத்தது, உங்கள் கணினியில் பதினொன்று ஏறுமா? 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் சின்ன நிபந்தனை. பெரும்பாலான வீட்டுக் கணினிகள் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, புராசஸர். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும். மாதிரி எண்ணைப் பாருங்கள். ஐ5-4460 என்றால் கோட்டுக்குப் பின்னால் உள்ள 4, நான்காம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டு. ஐ5-10400 என்றால் பத்து. கடையில் "ஐ5 சார், நல்ல மிஷின்" என்று சொல்லும்போது இந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் 2010-இல் வந்ததும் ஐ5, 2023-இல் வந்ததும் ஐ5. ஏஎம்டி ரைசனில் 2000 வரிசையிலேயே சிலதை ஏற்கிறது, சிலதை ஏற்பதில்லை. அங்கே ஊகம் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற செயலியைப் போட்டால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும்.

இரண்டாவது, டிபிஎம் 2.0. ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்புச் சில்லு அது. "உங்கள் கணினியில் டிபிஎம் இல்லை" என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் அது புராசஸருக்குள்ளேயே இருக்கும், பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்னால் திறக்கும் அமைப்புத் திரையில், அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். அதை ஆன் செய்தாலே போதும், புது மதர்போர்டு வாங்கத் தேவையில்லை.

ஆனால் பயாஸில் கை வைக்கும் முன்னால் ஒன்று செய்தாக வேண்டும். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். என் லேப்டாப்பில் டிபிஎம் அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்பத் திறந்தேன். நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்ததே, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்ததே எனக்குத் தெரியாது. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே அது தானாக நடந்துவிடுகிறது. நல்லவேளை, கீ அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைத் தேடி எடுக்க ஒரு காலைப்பொழுது போனது. தேடிக் கிடைக்காதவர்களின் படங்கள் போனது போனதுதான். அதனால் முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி தகுதியானது என்றால் மாறிவிடுங்கள் என்பதுதான் என் பதில். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு அப்கிரேட் இலவசம். ஆனால் ஹார்ட் டிஸ்கில் ஓடும் கணினியில் பதினொன்றை ஏற்றினால் ஆமை வேகம்தான். முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். புதுக் கணினி வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

[திரையில்: பிசி ஹெல்த் செக், "தகுதி இல்லை"]

மாமாவின் கணினி நான்காம் தலைமுறை. பதினொன்று ஏறாது. நிபந்தனைகளைத் தாண்டி ஏற்றும் குறுக்குவழிகள் உண்டு, நானும் செய்து பார்த்திருக்கிறேன், ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. திருத்தம் வேண்டும் என்பதற்காகத்தானே மாறவே நினைத்தோம்? வங்கி வேலை பார்க்கும் மாமாவுக்கு அதை நான் சொல்லவில்லை.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. ஈஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டம். இதில் சேர்ந்தால் விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். 30 டாலர் கட்டியும் சேரலாம், கட்டாமலும் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை விண்டோஸ் பேக்கப் வழியாக அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு வரும். மாமாவுக்கு அன்றைக்கே சேர்த்துவிட்டேன், பத்து நிமிட வேலை.

கடையில் அசெம்பிள் செய்தபோது ஆக்டிவேட்டர், அதாவது உரிமம் வாங்காமலேயே விண்டோஸை அசல்போல ஓட்டும் நிரல், போட்டுக் கொடுத்த விண்டோஸ் உங்களிடம் இருந்தால், ஒரு வார்த்தை. ஆன்டிவைரஸை அணைத்தால்தான் அது வேலை செய்யும் என்பார்கள். யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒன்றுக்குக் கதவைத் திறந்துவிட்டு அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அந்த வீடுகளுக்கும், மாமா மாதிரிப் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கும், விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் நல்ல வழி.

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தம் வரும். 4 ஜிபி ராமில் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு சுகமாக ஓடும். டிஸ்கில் எதையும் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது, அதனால் நம்மில் பலருக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. அந்தப் பழைய லேப்டாப் பரணில் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். அதற்குப் பதினொன்று ஏறாது, லினக்ஸ் ஏறும். ஆனால் டேலியில் கணக்கு எழுதுபவர்களும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்களும் லினக்ஸுக்கு அவசரப்பட்டு மாறாதீர்கள்.

மாறும் முன்னால் பழைய மென்பொருளையும் பாருங்கள். பதினொன்றில் 32 பிட் பதிப்பு கிடையாது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ கணக்கை இன்னும் 32 பிட் விண்டோஸில் ஓட்டும் கடைகள் இருக்கின்றன, அது பதினொன்றில் நேரடியாகத் திறக்காது. பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் தனியாக நகல் எடுங்கள். ஃபார்மட் செய்த கணினியில் அவை இல்லாவிட்டால், தமிழில் அடித்த கடிதம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

[திரையில்: வெளி ஹார்ட் டிஸ்கில் நகலாகும் படங்கள்]

எந்த வழி என்றாலும் முதல் வேலை பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, இன்னொரு கணினியில் செருகி, நாலு படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் அது பேக்கப். பக்கத்துத் தெருக் கடைக்காரர் "டேட்டா எல்லாம் அப்படியே இருக்கும் சார்" என்று சொன்னாலும் நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். அப்கிரேட் நடக்கும்போது கரண்ட் போகக்கூடாது. லேப்டாப் என்றால் சார்ஜரில், மேசைக் கணினி என்றால் யுபிஎஸ்ஸில் வையுங்கள். சில ஜிபி இறங்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொடங்கினால் அன்றைய டேட்டா பாதியில் தீர்ந்துவிடும். மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் ரெக்கவரி பக்கத்தில் பழைய பத்துக்கே திரும்பலாம். அதுவரை டிஸ்கைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

மாமாவின் கணினிக்கு எஸ்எஸ்டி போட்டோம். விண்டோஸ் 10 நீட்டிப்பில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பென் டிரைவில் மின்ட், இப்போதே பழகட்டும் என்று. திருவிழாக் கணக்கை மின்டில் உள்ள லிப்ரேஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருளில் திறந்தார், கூட்டுத்தொகை சரியாக வந்தது. அப்புறம் 2009 திருவிழா அழைப்பிதழைத் திறந்தார். முழுக்கக் கிறுக்கல். பழைய எழுத்துருவை அதில் நகல் எடுத்துப் போட்டுத் திரும்பத் திறந்தோம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உபயதாரர் பட்டியலை மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு பெயராக வாசித்தார்.