சீஸ் கொழுக்கட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகள் சென்ற மாதம் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, ஐஸ் வைத்த பையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பிரித்தால், கட்டைவிரல் நுனி அளவில் மாவை மடித்து மோதிரம்போல் வளைத்த துண்டுகள், உள்ளே சீஸ். இத்தாலியில் டார்டெல்லினி என்பார்கள். சதுரமாக இருந்தால் ரவியோலி. கொதிக்கிற தண்ணீரில் போட்ட நான்கைந்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. ஒன்று மட்டும் வாய்பிளந்து தண்ணீரை வெள்ளையாக்கிவிட்டது. எட்டிப் பார்த்த என் அம்மா, "கொழுக்கட்டைதானே, இதற்கா இவ்வளவு விலை?" என்று கேட்டாள்.

உணவு ஆலோசனை சொல்வதே என் தொழில் என்றாலும், அம்மா சொன்னதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. கொழுக்கட்டையின் தரத்தைப் பூரணம்தான் சொல்லும். தேங்காயும் வெல்லமும் வைத்தால் ஒரு கணக்கு, உளுந்து வைத்தால் வேறு கணக்கு. இதிலும் அப்படித்தான்.

வேகவைக்காத சீஸ் டார்டெல்லினி 100 கிராமில் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது. மாவுச்சத்து 47 கிராம், புரதம் 13 கிராம், கொழுப்பு 7 கிராம். அந்தக் கொழுப்பில் பாதி, நெய்யில் இருப்பதுபோன்ற நிறைவுற்ற கொழுப்பு. புரதம் 13 கிராம் என்பது சாதாரணமல்ல. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 46 கிராமில் கால் பங்குக்கும் மேல். அதில் சீஸின் பங்கைப்போல மாவுக்கும் பங்கு உண்டு. நம் ஊர் அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிகிறோமே, அப்போது பிசுபிசுவென்று மிஞ்சும் சக்கையோடுதான் கோதுமைப் புரதத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. இத்தாலிக்காரர்கள் அதைக் கழிப்பதில்லை. போதாததற்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று உடைத்து ஊற்றிப் பிசைகிறார்கள். அல்வாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அல்வாவைப் புரதத்துக்காகச் சாப்பிடுகிறவர் டவுனில் யார் இருக்கிறார்கள்?

"என் பிள்ளை பால் குடிக்கமாட்டான். இதில் சீஸ் இருக்கிறதே, போதாதா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். போதாது. 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து சுமார் 150 மில்லிகிராம். ஒரு தம்ளர் பாலில் அதைவிட அதிகம். கொல்லைப்புற முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கும் மேலே.

நான் கவலைப்படுவது உப்பைப் பற்றி. ஔவையார் நோன்புக் கொழுக்கட்டையில் உப்பே கிடையாது என்பது நம் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். சீஸோ உப்பில்லாமல் நிற்காது. 100 கிராம் டார்டெல்லினியில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு இருக்கும். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. இதில் வேகவைக்கும் தண்ணீரில் ஒரு கை உப்பு, மேலே ஊற்றும் சாஸில் உப்பு, அதற்கும் மேலே துருவிய சீஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கிறவர்கள்கூட, அந்தக் கணக்கு எத்தனை கிராமுக்கு என்பதைப் பார்ப்பதில்லை. 250 கிராம் பொட்டலத்தை ஒருவரே காலி செய்தால் 750 கலோரியைத் தாண்டிவிடும். இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம், மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது.

நார்ச்சத்து பெயருக்கு 2 கிராம்தான். காய்கறி கூடவே வரவேண்டும். அன்று முந்தைய வேளை வைத்த சொதி, அதாவது நம் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு, அடுப்படியில் மீந்திருந்தது. அக்காள் மகள் யாரையும் கேட்காமல் இரண்டு கரண்டி எடுத்து ஊற்றிக்கொண்டாள். கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பாசிப்பருப்பு, இஞ்சிச்சாறு எல்லாம் அதில் உண்டு. ருசி அபாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீஸின் கொழுப்போடு தேங்காய்ப்பாலின் கொழுப்பும் சேர்கிறது. வாடிக்கையாக வேண்டாம், விருந்தாளி வந்த நாளில் சரி. மற்ற நாட்களில் முருங்கைக்கீரையையும் பூண்டையும் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் வதக்கிப் பிரட்டிப் பாருங்கள். அதற்கு உப்பு போடவேண்டாம், சீஸில் இருப்பதே போதும்.

அம்மா இரண்டே இரண்டு துண்டு தின்றாள். பிறகு, "இதைப் பிள்ளையாருக்குப் படைக்கலாமா?" என்று கேட்டாள். மாவில் முட்டை இருக்கிறது என்றேன். பார்மேசான் என்ற சீஸை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள் என்பதையும் சொன்னேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.