திறந்த போன்: முதலில் எதைத் திறப்பது?

சென்னையில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.

எல்லோருக்கும் வணக்கம்.

மென்பொருளின் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, யாரும் பார்த்து மாற்றக்கூடிய ஒரு திறந்த மூல மொபைல் போனை நமக்கென்று செய்ய முடியுமா என்பதுதான் இன்று என்னைப் பேசச் சொன்ன தலைப்பு. இந்தக் கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். அங்கே நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்தியது. இன்றைக்கு அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. காஞ்சிபுரம், திருவள்ளூர், இன்னும் தொலைவான மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்களின் கை வழியாகக் கோடிக்கணக்கான போன்கள் உலகத்துக்குப் போயிருக்கின்றன. போன் செய்யத் தெரிந்த கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. அந்தப் போனுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கவும், அதை மாற்றவும்தான் நமக்கு உரிமை இல்லை.

"ஆண்ட்ராய்டே திறந்த மூலம்தானே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டின் அடியில், வன்பொருளை இயக்கும் மையப் பகுதியாக இருக்கும் லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருகிறது. போன் விற்கிறவர் அந்தக் கெர்னலின் மூலநிரலையும் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. நடப்பதோ வேறு. தாமதமாகத் தருகிறவர்கள் உண்டு, அரைகுறையாகத் தருகிறவர்கள் உண்டு, தராமலே விடுகிறவர்களும் உண்டு. கேமராவையும் கிராபிக்ஸையும் வைஃபையையும் இயக்கும் பகுதிகள் பெரும்பாலும் மூலநிரல் தராத மூடிய பைனரிகள். அதற்கு மேலே கூகுளின் பிளே சர்வீசஸ் என்ற மூடிய அடுக்கு. அதை நம்பித்தான் ஏராளமான செயலிகள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, போனை இயக்கியதும் முதலில் ஓடும் பூட்லோடர் நிரலில் ஒரு பூட்டு. மேலும் கீழும் மூடி, நடுவில் ஒரு துண்டை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

முழுப் போனையும் திறந்துவிட வேண்டும் என்று முயன்றவர்களின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தைவானில் எஃப்ஐசி நிறுவனத்துக்குள் 2006-இல் தொடங்கியது ஓப்பன்மோக்கோ என்ற திறந்த போன் திட்டம். அவர்களுடைய முதல் போனின் பெயர் நியோ 1973. மார்ட்டின் கூப்பர் நியூயார்க்கில் கையில் பிடித்த செல்போனில் முதல் அழைப்பைப் பேசிய ஆண்டு அது. 2007 ஜூலையில், அதாவது ஐபோன் விற்பனைக்கு வந்த சில நாட்களில், அது நிரலாளர்கள் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நியோ ஃப்ரீரன்னர். கேமரா கிடையாது, 3ஜி கிடையாது. ஆனால் பெட்டியின் வடிவமைப்புக் கோப்புகளையும் சர்க்யூட் படத்தையும் பொதுவில் வைத்தார்கள்.

அந்தச் சமூகத்துக்குள் நடந்த வாதங்கள் இன்று வரைக்கும் ஓயவில்லை. "முதலில் ஒழுங்காகப் பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் முடியட்டும், மற்றதெல்லாம் பிறகு" என்றது ஒரு பக்கம். "அடித்தளம் சரியில்லாமல் எதைக் கட்டினாலும் இடிக்கத்தான் வேண்டியிருக்கும்" என்றது இன்னொரு பக்கம். முதலில் ஜிடிகே என்ற திரைமுகப்புக் கருவித்தொகுப்பின் மேல் எழுதினார்கள், பிறகு க்யூடோபியா என்ற இன்னொன்றுக்குத் தாவினார்கள், அதற்குள் வேறு சில குழுக்கள் தனித்தனி அடுக்குகளைக் கட்டின. ஒவ்வொரு தாவலிலும் முந்தைய உழைப்பு பாதியில் நின்றது. 2009-இல் அடுத்த போனுக்கான வேலையையே நிறுத்திவிட்டார்கள்.

இதைத் தோல்வி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஃப்ரீரன்னரில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு ஓர் இரைச்சல் கேட்டது. பல நெட்வொர்க்குகளில் பயன்படுத்தவே முடியாத அளவுக்கு. சர்க்யூட் படம் கையில் இருந்ததால் காரணத்தை அலசிப் பார்க்க முடிந்தது. எந்த இடத்தில் எந்தப் பாகத்தைப் பற்ற வைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். சால்டரிங் தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் போனையும் வாங்கிச் சரி செய்து கொடுத்தார்கள். கடைக்கு வந்த ஒரு போனின் வன்பொருள் குறையைப் பயனர்களே திருத்திக்கொண்டார்கள் என்பது சின்ன விஷயமா? இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் அப்படி ஒரு குறை இருந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்?

அடுத்து மோடம். திறந்த போன் பற்றிய எந்த விவாதமும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. போனுக்குள் இன்னொரு கணினி இருக்கிறது. டவரோடு பேசுவது அதுதான். அதற்குத் தனி ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் உண்டு, அது மூடியது. 2014-இல், முழுக்கக் கட்டற்ற ஆண்ட்ராய்டு வடிவத்தை உருவாக்கும் ரெப்ளிகண்ட் குழுவினர் சில சாம்சங் கேலக்ஸி போன்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மோடத்திலிருந்து கட்டளை வந்தால், போனில் உள்ள கோப்புகளைப் படித்தும் எழுதியும் கொடுக்க ஒரு மூடிய நிரல் தயாராக இருந்தது. அந்த மூடிய நிரலை நீக்கும் வரை இந்த வாசல் திறந்தே கிடக்கும்.

அப்படியானால் மோடத்தையே திறந்துவிட்டால் என்ன? ஆஸ்மோகாம்பிபி என்ற முயற்சி 2010-இல் இதைத்தான் செய்தது. ஃப்ரீரன்னரில் இருந்த அதே கலிப்சோ மோடம் சிப்புக்குக் கட்டற்ற ஃபர்ம்வேர் எழுதினார்கள். ஆனால் அது 2ஜி. 4ஜிக்கும் 5ஜிக்கும் வந்தால் தரநிலைகளின் அளவே மலைக்க வைக்கும். காப்புரிமைகள் குவிந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு, அலைக்கற்றையில் ஒலிபரப்பும் எந்தக் கருவிக்கும் அரசுச் சான்று வேண்டும். சான்று வாங்கிய ஃபர்ம்வேரைப் பயனர் மாற்றினால் சான்று செல்லுமா என்ற கேள்வி வந்துவிடும்.

ஆகவே, பிறகு வந்தவர்கள் வேறு வழி எடுத்தார்கள். 2017-இல் மக்களிடம் நிதி திரட்டி 2019 இறுதியில் அனுப்பத் தொடங்கிய லிப்ரெம் 5 போன் ஆகட்டும், 149 டாலருக்கு வந்த பைன்போன் ஆகட்டும், மோடத்தைத் தனிப் பாகமாக வைத்து யுஎஸ்பி வழியாக இணைத்தன. நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள விடவில்லை. மின்சாரத்தை வெட்ட ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். நம்பிக்கையில்லாத ஆளுக்கு அறை வாடகைக்கு விட வேண்டியிருந்தால் நடுக்கதவில் நம் பக்கம் தாழ்ப்பாள் போடுவோம் இல்லையா, அந்த மாதிரி. "மோடம் மூடியிருக்கும் வரை அது திறந்த போனே இல்லை" என்று வாதிடும் நண்பர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். கொள்கையாக நீங்கள் சொல்வது சரி. ஆனால் இப்போதைக்குத் தாழ்ப்பாள் போதும் என்பது என் முடிவு. அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தால் மற்ற எதையும் தொடவே மாட்டோம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 2016-இல் ஜியோ வந்தபோது 4ஜி மட்டும்தான். 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அதில் சாதாரண அழைப்பே, 4ஜி தரவு வழியாகவே பேசும் வோல்ட்டி முறையில்தான் போகும். வோல்ட்டி ஓடுவதற்கு ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஏற்ற அமைப்புகள் மோடத்துக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டில் நன்றாகப் பேசும் ஒரு லினக்ஸ் போன் இங்கே வந்ததும் இணையம் மட்டும் ஓடி, அழைப்பு ஓடாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். இந்த அமைப்புகளைப் பொதுவில் வெளியிடச் சொல்லி நெட்வொர்க் நிறுவனங்களையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயையும் கேட்கலாம். இதில் எந்த வணிக ரகசியமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, நாம் எங்கிருந்து தொடங்குவது? புதிதாக ஒரு போனை வரைந்து, சிப் வாங்கி, அச்சு வார்த்து, ஆயிரக்கணக்கில் செய்து விற்பது நம் முதல் வேலையாக இருக்கக் கூடாது. ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசசர் எனக்கும் பெருமைதான். 2018-இல் அதன் ஒரு சிப் சண்டிகரில் 180 நானோமீட்டரில் தயாரானது. ஆனால் பைன்போனில் இருக்கும், பழையது என்று எல்லோரும் குறை சொல்லும் ஆல்வின்னர் சிப்பே 40 நானோமீட்டர்; இந்த எண் குறையக் குறையத்தான் சிப் நவீனமானது. போனுக்கான சிப் இங்கே வரும் நாள் வரட்டும், அதற்காக உழைப்பவர்கள் உழைக்கட்டும். நாம் நம் வீட்டு மேசை இழுப்பறையில் இருந்து தொடங்கலாம்.

அங்கே கிடக்கும் பழைய போனைப் பாருங்கள். திரை எரியும், பேட்டரி மாற்றினால் போதும். அப்டேட் நின்றுபோய்ப் பல வருடம் ஆகியிருக்கும். 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம் இதைத்தான் கையில் எடுத்தது. ஒரு ஸ்மார்ட்போன் பத்தாண்டு உழைக்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. உற்பத்தியாளரின் பழைய கெர்னலைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான புதிய லினக்ஸ் கெர்னலை ஏற்றுவது வழி. 2015-இல் இங்கே ஏராளமாக விற்ற லெனோவோ ஏ6000, ரெட்மி 2 ஆகியவற்றில் ஒரே ஸ்னாப்டிராகன் 410 சிப்தான். அந்தச் சிப்புக்கு நல்ல ஆதரவு இருக்கிறது. அழைப்புக்கு உதவாவிட்டாலும் வீட்டுச் சர்வராக, பள்ளிப் பிள்ளைக்கு நிரல் எழுதும் கருவியாக, மாடித் தோட்டத்துச் சென்சாருக்கு மூளையாக அது உழைக்கும்.

இந்த இடத்தில்தான் நம் சமூகத்திடம் எனக்கு ஒரு வருத்தம். நாம் கூடும்போதெல்லாம் நிரலாளர்கள் மட்டும் கூடுகிறோம். இதோ அண்ணா சாலையைத் தாண்டினால் ரிச்சி தெரு. அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு, மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏர் கன்னும் வைத்துக்கொண்டு ஐசி ரீபால் செய்கிற (சிப்பைக் கழற்றி, ஈயப் புள்ளிகளைப் புதிதாக வைத்து ஒட்டுகிற) அண்ணன்களைவிடப் போனின் உள்ளே நிறையப் பார்த்தவர்கள் யார்? அவர்கள் சர்க்யூட் டயகிராமுக்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? எங்கிருந்தோ கசிந்த கோப்புகளைத் தேடுகிறார்கள். போர்டில் எந்தப் பாகம் எங்கே என்று காட்டும் போர்டு வியூ மென்பொருளுக்குச் சந்தா கட்டுகிறார்கள். டெட் ஆன போனில் மென்பொருள் ஏற்ற பாக்ஸ், டாங்கிள் என்ற கருவிகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஓப்பன்மோக்கோவும் பைன்போனும் இலவசமாகப் பொதுவில் வைத்த அதே வகைப் படங்கள்தான் இவை. திறந்த வன்பொருளால் நாளைக் காலையிலேயே பயன்பெறக்கூடியவர்கள் இவர்கள். ஆனால் இதுவரை நடந்த நம் கூட்டங்களுக்கு அவர்களை நாம் கூப்பிட்டதே இல்லை. எந்த மாடலில் எந்தப் பாகம் முதலில் போகும், எந்த போன் பழுதுபார்க்கத் தகுந்தது, எதற்குத் திரையும் டச்சும் சேர்ந்த காம்போ கிடைக்கும், இவையெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். எந்தப் பழைய மாடலுக்கு முதலில் மென்பொருள் எழுதலாம் என்று முடிவு செய்ய அதைவிட நல்ல தகவல் நமக்கு எங்கே கிடைக்கும்?

எல்லாம் சரி, ஜிபே ஓடுமா? திறந்த போனைப் பற்றிப் பேசினால் டீக்கடையிலிருந்து கல்லூரி வரை வரும் முதல் கேள்வி இது. பூட்லோடரைத் திறந்து நாமே மென்பொருள் ஏற்றிய போனில் பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கின்றன. பாதுகாப்பு என்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். *99# வழியாகப் பழைய பட்டன் போனில் பணம் அனுப்பலாம். சாதாரண போன்களுக்கென்றே 2022-இல் யுபிஐ 123பே வந்தது, நல்ல விஷயம். உற்பத்தியாளர் கைவிட்டு, நான்கு வருடமாகப் பாதுகாப்புத் திருத்தமே வராத போனிலும் பூட்டு உடையாமல் இருந்தால் பல செயலிகள் ஓடுகின்றன. போன மாதத் திருத்தம் வரை ஏற்றி வைத்திருக்கும் திறந்த போனைத்தான் வெளியே நிறுத்துகிறார்கள். போனின் சிப்பில் இருக்கும் சான்றுச் சாவியை வைத்து, "இன்ன மென்பொருள்தான் ஓடுகிறது, யாரும் கை வைக்கவில்லை" என்று செயலியே உறுதி செய்துகொள்ளும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. கிராபீன்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளங்களின் சாவிகளையும் வங்கிகள் அந்த வழியில் ஏற்க முடியும். தொழில்நுட்பம் தயார். நமக்கு வேண்டியது ரிசர்வ் வங்கியிடமிருந்தும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயிடமிருந்தும் ஒரு தெளிவான வழிகாட்டல். திறந்த போன் சாதாரண மக்கள் கைக்குப் போக வேண்டுமானால் மோடத்தைவிட இதுதான் பெரிய தடை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, சென்னைக்காரர்களுக்காகவே சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கரண்ட் போனது, பல இடங்களில் டவரும் போனது. கையில் போன் இருந்தும் செய்தி கிடைக்கவில்லை. பல போன்களின் வைஃபை, புளூடூத் சிப்புக்குள்ளேயே எஃப்எம் ரேடியோவும் இருக்கிறது. இயர்போன் ஒயரை ஆண்டெனாவாக வைத்துக் கேட்கலாம். ஆனால் நிறைய மாடல்களில் அதை முடக்கி வைத்தே விற்கிறார்கள். அதை முடக்காதீர்கள் என்று மத்திய மின்னணு அமைச்சகம் அதே 2023-இல், புயலுக்குச் சில மாதம் முன்பு, உற்பத்தியாளர் சங்கங்களுக்கு அறிவுரை அனுப்பியிருந்தது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாகத்தை உங்களுக்கு இயக்கிக் காட்ட அமைச்சகம் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டு மென்பொருள் அப்டேட், 7 ஆண்டு உதிரிப் பாகம் தர வேண்டும். இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையவாசல் திறந்தது. அதோடு நின்றுவிடாமல் நாம் கேட்க வேண்டியது இது: அப்டேட்டை நிறுத்தும் நாளில் பூட்லோடர் பூட்டைத் திறக்க வழி கொடுங்கள், பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களின் மூலநிரலைக் கொடுங்கள், சர்க்யூட் படத்தைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கொடுங்கள். இதை மனுவாக எழுதும் வேலைக்குச் சட்டம் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

மற்றவர்கள் அடுத்த சந்திப்புக்கு வரும்போது வீட்டில் சும்மா கிடக்கும் போனை எடுத்து வாருங்கள், மாடல் எண்ணும் சிப்பின் பெயரும் ஒரு தாளில் எழுதி. ரிச்சி தெருவிலிருந்து அந்தச் சந்திப்புக்கு வர ஒப்புக்கொண்டவர்கள் போர்டைப் பார்ப்பார்கள், நாம் மென்பொருளைப் பார்ப்போம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அந்த போனைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம். சார்ஜும் போடாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள், எப்படிக் கழற்றுவது என்று சொல்கிறோம்.