வகுப்பு வாய் திறக்கவில்லை என்றால்: நேயர் கேள்விக்கு விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். என்ன கேட்டாலும் முன் பெஞ்சில் ரெண்டு பேர்தான் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?"

ரெண்டு நாளாக இது மண்டைக்குள் குடைகிறது. டீச்சர், கோபிக்காதீர்கள். பிள்ளைகள் பேசாதது இருக்கட்டும். கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறீர்கள்?

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது என் பழைய பாட்டு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆராய்ச்சியாளர் அம்மா வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து, 1970களில் எழுதினார். ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சுமார் 1 விநாடி. அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அதுவும் அறிவியல் வகுப்பில். நம் பிள்ளை தமிழில் யோசித்து, கேரள எல்லைப் பக்கம் என்றால் கொஞ்சம் மலையாளமும் கலந்து யோசித்து, அப்புறம்தான் இங்கிலீஷுக்கு வர வேண்டும். 1 விநாடி எந்த மூலைக்கு?

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒரு பையன் தினமும் தாமதமாக வருவான். ஏன் என்று கேட்டேன். எழுந்தான், பெஞ்சைச் சுரண்டினான். "மார்னிங் ஃபாதர் ஹெல்ப் சார்... ரப்பர் மில்க்..." என்றான். நான் பாய்ந்து, "மில்க் இல்ல மக்களே, லேட்டக்ஸ்!" என்றேன். வகுப்பே சிரித்தது. அரையாண்டுத் தேர்வு வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையில் மிச்சப் பால் உறைந்து கிடக்குமே, அந்த ஒட்டுப்பாலை என்ன செய்வீர்கள் என்று அவனிடமே கேட்டேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. திக்கித் திணறி, கையால் உரித்துக் காட்டி, "கடை செல்லிங் சார், ரேட் லெஸ்" என்று முடித்தான். இலக்கணம் எங்கேயோ போனது, நான் திருத்தவில்லை. பாடப் புத்தகக் கேள்விக்கு விடை டீச்சருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அதை ஏன் அவன் மெனக்கெட்டுச் சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள். கடலோரக் குளச்சல் பிள்ளையிடம் சாளை மீனைப் பற்றிக் கேளுங்கள், குலசேகரம் பிள்ளையிடம் ரப்பரைப் பற்றிக் கேளுங்கள்.

கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். சுலபமில்லை. முதல் நாள் நான் ரெண்டிலேயே விடையைச் சொல்லிவிட்டேன்.

சரி, அடுத்த கேள்வி.