எத்தனை வினாடி எரிந்தது?

வணக்கம் நேயர்களே. ராத்திரி வானத்தில் ஒரு நெருப்பு உருண்டை ஓடி மறைகிறது. பார்த்தவர் உடனே, "அதோ, அந்த மரத்துக்குப் பின்னாலதான் விழுந்துச்சு" என்பார். நானும் ஒரு தடவை அப்படி நம்பி, டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்தான். மரத்துக்குப் பின்னால் இன்னொரு மரம்தான் இருந்தது! பெரிய எரிகல்லின் வெளிச்சம்கூட, பெரும்பாலும் தரைக்கு 20 கிலோமீட்டருக்கு மேலேயே அணைந்துவிடும். கல் மிஞ்சினாலும் அதற்கப்புறம் இருட்டில்தான் விழும். அடிவானத்தை ஒட்டித் தெரிந்ததென்றால், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எரிந்திருக்கலாம்.

சரி, பார்த்தது எரிகல்தானா? வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக எரியும் எரிகல்லைத்தான் தீப்பந்து என்கிறோம். பிரகாசத்தை விடுங்கள், நேரத்தைக் கவனியுங்கள். பார்த்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குங்கள். எரிகல் வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் பாய்கிறது. அதனால் பெரும்பாலும் ஐந்து எண்ணுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அரை நிமிடத்துக்கு மேலும் துண்டு துண்டாகச் சிதறியபடி, அவசரமே இல்லாமல் வானத்தைக் கடந்துபோனால், அது திரும்பி வந்து எரியும் பழைய ராக்கெட்டாகவோ செயற்கைக்கோளாகவோ இருக்கும். அதன் வேகம் வினாடிக்கு 8 கிலோமீட்டர்கூட இல்லை. நிமிடக்கணக்கில், சிதறாமல், ஒரே சீரான வெளிச்சத்தோடு நகர்ந்தால் விண்வெளி நிலையமாக இருக்கலாம். விட்டு விட்டு மின்னினால் பெரும்பாலும் விமானம்தான்.

நிறத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மெக்னீசியம் பச்சையாக எரியும், சோடியம் மஞ்சளாக எரியும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சூடேறிய காற்றும் தன் பங்குக்கு நிறம் காட்டும்.

வெளிச்சம் அணைந்த பிறகும் உள்ளே போய்விடாதீர்கள். எந்தக் கட்டடத்தின் மேல் தொடங்கி எந்தக் கம்பத்தின் பக்கம் மறைந்தது என்று, நின்ற இடத்திலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் பார்த்தவர் சொல்லும் திசையும் சேர்ந்தால் பாதையைக் கணக்கிட்டுவிடலாம். அப்புறம், காது கொடுத்துக் கேளுங்கள். 50 கிலோமீட்டர் தாண்டிச் சத்தம் வந்துசேர இரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை திறந்தவெளியிலேயே நில்லுங்கள், ஜன்னல் பக்கம் போகாதீர்கள். 2013 பிப்ரவரி 15 அன்று, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் காலையில் வானமே பளிச்சிட்டது. என்னவென்று பார்க்க ஜன்னலோரம் போய் நின்றார்கள் பலர். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து வந்தது அதிர்வலை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் காயம், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால்.